என் கம்பம், அவன் கயிறு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து ரேடியோவில் செய்தி. இணைய கேபிள் இழுக்கும் குழு வியாழக்கிழமை முகாமுக்கு வருகிறது. தனியாகக் கம்பம் நட மாட்டார்கள், நம் மின்கம்பத்திலேயே தொங்கவிடுவார்கள். குழுப் பொறுப்பாளரின் பெயரைச் சொன்னதும், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். இன்னொரு தடவையும் அதே பெயர்தான் வந்தது.

என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன்.

உலகத்தில் எத்தனை காடு இருக்கிறது! மின்சாரம் போய்ச் சேராத மலை, இணையம் எட்டாத தீவு, எவ்வளவோ கிடக்கின்றன. அத்தனையையும் விட்டுவிட்டு நான் இரண்டு வருடமாகக் கொசுக்கடி பட்ட இந்தக் காடுதான் கிடைத்ததா அவனுக்கு?

மார்ச் 5, வியாழன்

வந்துவிட்டான். ஜீப் நிற்பதற்கு முன்பே குதித்து, "சகலை!" என்று கூவிக்கொண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தான். கூலிங்கிளாஸ் என் நெற்றியில் இடித்தது.

இங்கே சேர்ந்ததிலிருந்து என்னைப் பார்த்து ஒருமுறைகூடப் பல்லைக் காட்டாத சமையல்காரர், அவனைப் பார்த்து முதல் ஐந்து நிமிடத்தில் சிரித்துவிட்டார். மதியம் அவன் தட்டில் எனக்கு விழுந்ததைவிட ஒரு கரண்டி அதிகம் விழுந்தது. நான் பார்க்கவில்லை என்று நினைத்தார்கள். பார்த்தேன்.

சாப்பிடும்போது எல்லோருக்கும் கேட்கும்படி, "சகலை ரோடு போட்டு வச்சிட்டாரு, நான் சும்மா வண்டி ஓட்டறவன்" என்றான். இந்த அடக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. திமிராக இருந்தாலாவது திட்டலாம்.

ஆனால் சொன்னது உண்மைதானே? மரக் கம்பங்கள். லாரி போகாத சரிவில் எட்டுப் பேர் தோளில் சுமந்து, பாறையில் குழி தோண்டி, சதுப்பில் கால் புதைந்து நட்டவை. மழையில் இரண்டு முறை சாய்ந்து, இரண்டு முறை நிமிர்த்தியவை. காட்டின் அந்தப் பக்கக் குடியிருப்பில் நாற்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருந்தகம். போன மாதம்தான் அங்கே முதல் விளக்கு எரிந்தது. அன்று கைதட்டினார்கள். அடுத்த வாரமே, "வோல்டேஜ் கம்மியா இருக்கே" என்றார்கள்.

இப்போது இவன் வந்து என் கம்பத்தில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டுப் பெயர் வாங்கப்போகிறான். நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான்.

மார்ச் 6, வெள்ளி

அவன் ஆட்களுக்கு 'லைன் கிளியர்' பாடம் எடுத்தேன். கம்பத்தில் ஏறுவதற்கு முன் வேலை செய்பவர் ரேடியோவில் லைன் கிளியர் வாங்க வேண்டும். நான் சுவிட்ச் கொட்டகையில் கைப்பிடியை இறக்கி மின்சாரத்தை நிறுத்துவேன். அவர் லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் கம்பியை மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும், தவறி மின்சாரம் வந்தாலும் அது ஆளைத் தொடாமல் மண்ணுக்குப் போகும். வேலை முடிந்ததும், வாங்கியவரே தன் வாயால் திருப்பித் தர வேண்டும். அண்ணன் வாங்கித் தம்பி தரக்கூடாது. அவர் சொன்னதை நான் ஒரு சொல் கூடாமல் குறையாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கைப்பிடி மேலே போகும்.

"என்ன சகலை, கல்யாண மந்திரம் மாதிரி இருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மந்திரம் தப்பினாலும் கல்யாணம் நடக்கும். இது தப்பினால் கருமாதிதான் என்று சொல்ல நினைத்தேன். எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் அது வாயில் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

மார்ச் 8, ஞாயிறு

சிக்னல் பாறைக்கு ஏறி வீட்டுக்குப் பேசினேன். முகாமில் ஃபோன் எடுக்கும் ஒரே இடம் அதுதான். அங்கேயும் ஒற்றைக் காலில் நின்றால்தான் எடுக்கும்.

"சின்னவரு வந்துட்டாராமே? அவருக்கு அங்க சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?" – என் மனைவியின் முதல் கேள்வி. இரண்டு வருடமாக என் சாப்பாட்டைப் பற்றி அவள் கேட்டதாக ஞாபகம் இல்லை. கேட்டிருப்பாள். ஞாபகம் வரவில்லை.

மாமியார் வீட்டில் அவன் கொடி பறப்பது எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள் மாமியாரின் ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தான். அவ்வளவுதான் செய்தான். அன்றிலிருந்து 'சின்ன மாப்பிள்ளைக்குத் தெரியாததே இல்லை'. அந்த ஃபோனுக்கு சார்ஜ் எங்கிருந்து வருகிறது என்று அந்த வீட்டில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மார்ச் 12, வியாழன்

வேலை வேகமாகப் போகிறது. போகாதா பின்னே? கம்பம் நின்றுகொண்டிருக்கிறதே.

அவனே ஏறுகிறான். கூலிங்கிளாஸோடு. நன்றாக ஏறுகிறான் என்பதையும் எழுதித் தொலைக்கிறேன்.

ரேடியோவில்தான் தாங்க முடியவில்லை. "ஆள் இறங்கியாச்சு, கருவி இறங்கியாச்சு, எர்த் கம்பி கழட்டியாச்சு, லைன் கிளியர் திருப்பித் தர்றேன்." எல்லாம் சரி. அதோடு நிறுத்த மாட்டான். கடைசியில் ஒரு வால் – "சகலை". ஒவ்வொரு தடவையும். நான் திருப்பிச் சொல்லும்போது அந்த வாலை வெட்டிவிட்டுத்தான் சொல்கிறேன். விதிப்படி வெட்டக்கூடாது. வெட்டுகிறேன்.

முப்பத்திரண்டாம் கம்பத்தில் கரடி நகம் பதிந்திருக்கிறது. கம்பம் 'ங்' என்று முனகுவதைக் கேட்டு, உள்ளே தேன்கூடு என்று நினைத்துக் கரடி பிறாண்டுமாம். வனக்காவலர் சொன்னார். பாவம், ஒன்றும் கிடைத்திருக்காது. என் கம்பத்தைத் தேடி ஆசையாக வந்தது அது ஒன்றுதான்.

மார்ச் 15, ஞாயிறு

மதியச் சாப்பாட்டில் கச்சேரி. ஜீப் டிரைவருக்கு இங்கே பெயரே 'பலகுரல்'. யாருடைய குரலையும் அச்சாகப் பேசுவான். சமையல்காரர், வனக்காவலர், தலைமை அலுவலக அம்மா எல்லோரும் வந்து போனார்கள். பிறகு நான். மூக்கால் இழுத்து, "விதி என்ன சொல்லுது? விதி என்ன சொல்லுது?" என்றான். நான் அப்படியா பேசுகிறேன்?

சகலை கண்ணில் நீர் வரச் சிரித்தான். அதைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்து அவன் குரல். "லைன் கிளியர் திருப்பித் தர்றேன் சகலை." கண்ணை மூடிக் கேட்டால் வித்தியாசம் தெரியவில்லை. அவன் மறுபடி விழுந்து விழுந்து சிரித்தான். தன்னைக் கேலி செய்தாலும் சிரிக்கிறான். எந்தப் பக்கம்தான் இவனைக் குத்துவது?

மார்ச் 17, செவ்வாய்

கேபிள் உருளை தீர்ந்துவிட்டது. எடுத்துவரப் பலகுரல் நகரத்துக்குப் போயிருக்கிறான். வண்டியையும் பழுது பார்த்துவிட்டு வர நாளாகும். முகாம் அமைதியாக இருக்கிறது. நல்லது.

மார்ச் 18, புதன்

சிக்னல் பாறை. மனைவி சந்தோஷமாக இருந்தாள். இணையத் திறப்பு 29ஆம் தேதி. முதல் வீடியோ கால் எங்கே போகப்போகிறது தெரியுமா? மாமியார் வீட்டுக்கு! குடும்பமே அங்கே கூடுகிறதாம். "சின்ன மாப்பிள்ளை நடுக்காட்டுல இருந்து முகம் காட்டப்போறாராம். அம்மா இப்பவே புதுப் புடவை எடுத்து வச்சிட்டாங்க."

கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்: "போன மாசம் நான் லைட் போட்டப்ப யாராவது கூடினீங்களா?"

கொஞ்சம் யோசித்தாள். "லைட்டை எப்படிங்க ஃபோன்ல பாக்கறது?"

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். எனக்கு அதுதான் ஆறவில்லை. பாராட்டு விழா வேண்டாம், மாலை வேண்டாம். அந்த வீட்டில் யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, "இது பெரியவர் கொண்டுவந்தது" என்று சொன்னால் போதும். அதற்கு நான் ஆசைப்படக்கூடாதா?

மார்ச் 19, வியாழன்

இன்று வெடித்துவிட்டேன்.

நாற்பத்தேழாம் கம்பத்தில் அவன் கேபிள் தொய்ந்து தொங்குகிறது. பார்க்கப் போனேன். கம்பத்தடியில் அவன் ஆட்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். "வாங்க சகலை, தண்ணி குடிங்க" என்றான். அந்தக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ!

"தம்பி, இது வேலை செய்யற இடம். இங்க சகலையும் கிடையாது, மச்சானும் கிடையாது. ரேடியோவுல உறவு கொண்டாடாதீங்க. சார்னு கூப்பிடத் தெரியும்ல? முதல்ல இந்தத் தொய்வை இழுங்க. யாரோ நட்ட கம்பம்னா இப்படித்தான் கட்டுவீங்களா?"

அவன் கூலிங்கிளாஸைக் கழற்றினான். கண் என்னவோ போல இருந்தது. "சரிங்க சார்" என்றான்.

சொன்னது நியாயம்தான். விதியில் இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

ரேடியோவில் "திருப்பித் தர்றேன் சார்" என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 23, திங்கள்

சார். சார். சார். முறையாகப் பேசுகிறான், வால் இல்லை. நான் எதையும் வெட்டத் தேவையில்லை. கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்கிறேன்.

சமையல்காரர் என்னிடம் சிரிப்பதில்லை என்று எழுதியிருந்தேன். இப்போது முகத்தைப் பார்ப்பதும் இல்லை. எனக்கென்ன?

இன்று மதியம் ரேடியோவில் "சார்" என்றபோது, அடுத்து ஏதோ வரும் என்று காத்திருந்தேன். எதற்குக் காத்திருந்தேன்? இரைச்சல்தான் வந்தது.

மார்ச் 26, வியாழன்

சனிக்கிழமை கடைசிக்கட்ட வேலை. நாள் முழுக்க லைன் கிளியர் கேட்டான். மூன்று மணி வரைதான் தருவேன் என்றேன். மருந்தகத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டி இருக்கிறது, அதற்குமேல் மின்சாரம் இல்லாமல் வைக்க முடியாது என்றேன்.

காரணம் சரியான காரணம். அந்தப் பெட்டி மின்சாரம் இல்லாமலே ஒரு நாள் தாங்கும் என்று நர்ஸ் அக்கா போன மாதமே சொல்லியிருந்தார். அதுவும் எனக்குத் தெரியும்.

மூன்று மணிக்குள் முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை திறப்பு கிடையாது. புதுப் புடவை பெட்டிக்குள் திரும்பிப் போகும். போகட்டுமே.

"சரிங்க சார்" என்றான். சண்டை போடுவான் என்று நினைத்தேன்.

மார்ச் 28, சனி

எழுத்து கோணுகிறது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

மூன்றுக்குக் கொஞ்சம் முன்பு ரேடியோ வந்தது. மூச்சு வாங்கும் குரல். "ஆள் இறங்கியாச்சு, கருவி இறங்கியாச்சு, எர்த் கம்பி கழட்டியாச்சு, லைன் கிளியர் திருப்பித் தர்றேன் சகலை."

சகலை! என்ன சொல்வது, மனசு குளிர்ந்துவிட்டது. ஒரு கையில் ரேடியோ, ஒரு கை கைப்பிடியில். திருப்பிச் சொல்ல ஆரம்பித்தேன். ஆள் இறங்கியாச்சு... கருவி... எர்த்... லைன் கிளியர் திருப்பி... கடைசிச் சொல்லுக்கு வந்ததும் நாக்கு நின்றது. இத்தனை நாள் வெட்டின சொல். இன்று சேர்த்துச் சொல்லலாமா, வழக்கம்போல விட்டுவிடலாமா – அப்படி யோசித்துக்கொண்டு நின்றேன். அந்த யோசனை மட்டும் வராமல் இருந்திருந்தால்!

அவன் ஏன் சகலை என்கிறான்?

நான்தான் அந்தச் சொல்லைக் கொன்றேனே. ஒன்பது நாளாக அவன் வாயில் அது வரவில்லை. தப்பித்தவறிக்கூட வரவில்லை. எனக்குத் தெரியாதா? அவன் தட்டில் விழும் கரண்டியை எண்ணுகிறவன் நான். அவன் என்னை எத்தனை முறை எப்படிக் கூப்பிட்டான் என்று அவன் பெண்டாட்டிக்குக்கூட இந்த அளவுக்குத் தெரியாது.

"யாரு பேசறது?" என்றேன். இரைச்சல். "யாருடா பேசறது?"

"நாந்தான் சார்... பலகுரல்." சிரித்துக்கொண்டே தொடங்கினான். "இன்னைக்குக் காலையிலதான் வந்தேன். மூணு மணி ஆகப்போகுது, நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு... எர்த் கம்பியை இறக்கிட்டாங்க. முடிஞ்சுதான்னு கத்தினேன், முடிஞ்சுதுன்னாரு. அதான் நானே சொல்லிடலாம்னு..."

"அவரு எங்க?"

அண்ணாந்து பார்த்திருப்பான். பிறகு, அவன் சொந்தக் குரலில், நான் இதுவரை கேட்டிராத ஒரு குரலில்: "ஐயோ சார். மேல ஏறிட்டாரு சார். மேல இருக்காரு."

கைப்பிடிக்குப் பூட்டுப் போட்டேன். பூட்டிய பிறகு இழுத்துப் பார்த்தேன். இழுத்துப் பார்த்த பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் இறங்கி வந்து ரேடியோவை வாங்கினான். "சார். நாப்பத்தேழுல அந்தத் தொய்வு. நீங்க சொன்னீங்களே. மத்ததெல்லாம் முடிஞ்சுது, அதை மட்டும் இழுத்துடலாம்னு மறுபடி ஏறினேன். எர்த் இல்லாம ஏறியிருக்கக்கூடாது. நேரமாயிடுச்சுன்னு..."

"பரவால்ல" என்றேன். எது பரவாயில்லை? என்ன பேச்சு அது?

நான் அன்று திட்டியிருக்காவிட்டால் அவன் மேலே ஏறியிருக்கவே மாட்டான். நான் அன்று திட்டியிருக்காவிட்டால் அந்தக் குரல் அவனுடையது இல்லை என்று எனக்குத் தெரிந்தும் இருக்காது. இரண்டும் ஒரே திட்டுதான். மூன்று மணி என்று கெடு வைத்தவனும் நான்தான்.

அவனுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. என்னைப் பெரியப்பா என்று கூப்பிடும்.

மார்ச் 29, ஞாயிறு

திறப்பு நடந்தது. நேற்று மீதி வேலைக்கு அந்தி சாயும் வரை லைன் கிளியர் கொடுத்தேன். குளிர்பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பள்ளிக்கூடத்தில் குடியிருப்பு முழுக்கக் கூடியிருந்தது. ஃபோன் திரையில் மாமியார் வீட்டுக் கூடம். புதுப் புடவை, மனைவி, கொழுந்தியாள், குழந்தைகள். ஒரே கூச்சல். "தெளிவாத் தெரியுது!" "மாப்பிள்ளை இளைச்சுட்டீங்களே!" இளைத்தது அவன் இல்லை, நான். நான் திரையின் ஓரத்தில் காது மட்டும் தெரியும்படி நின்றிருந்தேன்.

அவன் திடீரென்று ஃபோனை மேலே திருப்பினான். கூரையில் எரியும் விளக்கைக் காட்டினான். பிறகு ஜன்னல் வழியாக வெளியே நிற்கும் கம்பத்தை. "அத்தை, நல்லாப் பாத்துக்குங்க. இது பெரிய மாப்பிள்ளை கொண்டுவந்தது. அவரு இல்லன்னா இன்னைக்கு நான் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தில் பலகுரல் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். சகலை என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நேற்று நடந்ததை அவன் வீட்டில் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது.

மாமியார், "அட, ஆமா! பெரியவர் எங்கே? முகத்தைக் காட்டச் சொல்லு" என்றார். என் மனைவி அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு உசரங்க!" என்றாள்.

நான் இரண்டு வருடமாகக் காத்திருந்தது இதற்குத்தான். கிடைத்துவிட்டது. ஆனால் அதையும் அவன் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது. வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவன் வாய் என்னையும் சேர்த்துப் பிழைக்க வைக்கிறது. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. நெஞ்செரிச்சல் மாதிரி இருக்கிறது. ஆனால் இன்று சாப்பிட முடிந்தது.

மார்ச் 31, செவ்வாய்

சகலை கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்தான். "மூணு மணின்னு நீங்க சொன்னப்பவே தெரியும் சார். பெட்டி ஒரு நாள் தாங்கும்னு நர்ஸ் அக்கா எனக்கும் சொல்லியிருந்தாங்க" என்றான்.

தெரிந்தும் ஏன் சண்டை போடவில்லை என்று கேட்டேன்.

"உங்ககிட்டயா? அந்த வீட்டுல எதுக்கெடுத்தாலும் 'பெரியவரைக் கேட்டுச் செய்'தான். அத்தைக்கு ஆபரேஷன்னப்ப யாரைக் கூப்பிட்டாங்க? உங்களை. மூணு நாள் கூடவே இருந்தீங்க. என்னையும் கூப்பிட்டாங்க – ஆஸ்பத்திரியில வைஃபை வரலன்னு."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்ப்பது.

எழுந்து போகும்போது, "வர்றேன் சார்" என்றான்.

இனிமேல் அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் திருப்பம் திரும்பிய பிறகுதான் அது வாயில் வந்தது.

ஏப்ரல் 1, புதன்

பலகுரல் யார் கேட்டாலும் குரல் மாற்றிப் பேச மாட்டேன் என்கிறான். சமையல்காரருக்கு வருத்தம். எனக்கும்தான், கொஞ்சம்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று அவர்களுக்குக் கடைசி வேலை. நாற்பத்தேழாம் கம்பத்தில் ஒரு பிடிப்பானை மாற்ற வேண்டும். நாளை புறப்படுகிறார்கள். காலையில் லைன் கிளியர் கேட்டான். "எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்குங்க" என்றேன்.

மதியம் ரேடியோ வந்தது. "ஆள் இறங்கியாச்சு. கருவி இறங்கியாச்சு. எர்த் கம்பி கழட்டியாச்சு. லைன் கிளியர் திருப்பித் தர்றேன்."

இரைச்சல். பொத்தானிலிருந்து அவன் கையை எடுக்கவில்லை. காற்று வீசுவதும் யாரோ இருமுவதும் கேட்டது.

"...சகலை."

"யாரு பேசறது?" என்று கேட்டேன். கேட்கத்தானே வேண்டும்.

"நான்தான். நானேதான்."

நான் விதிப்படி, ஒரு சொல் கூடாமல் குறையாமல், எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னேன். கடைசிச் சொல்லையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு கைப்பிடியை மேலே ஏற்றினேன்.